நீர்வாழ் உயிரினத்தின் பிரதிநிதி

ஆற்றில் எவ்வளவு செம்பு கலந்தால் மீன் சாகும் என்பது மீனுக்குத் தெரியும். ஆனால் மீனைக் கேட்டு யாரும் அளவு வைப்பதில்லை. அதற்கென்று ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவில் மீனின் சார்பாக உட்கார ஓர் ஆள் தேவைப்பட்ட நேரத்தில்தான் பண்ணைக்காரர் போய் மாட்டிக்கொண்டார்.

அவர் போனது புகார் கொடுக்க. ஆற்றங்கரையில் அவருக்குச் சில மீன் குளங்கள் இருந்தன. வாய்க்கால் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். கெண்டைக் குஞ்சுகள் வளர்ந்து விலைக்கு வெளியே போகும். மேலே, ஆறு வளைகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் செம்பு முலாம் பூசும் ஆலை ஒன்று வந்தது. அது வந்த பிறகு வாய்க்கால் கற்களில் பச்சையும் நீலமுமாக ஏதோ படிந்தது. முதலில் குஞ்சுகள் செத்தன. பிறகு பெரிய மீன்கள் மேலே வந்து, சொல்ல வந்ததை மறந்துவிட்டவர்களைப் போல வாயைத் திறந்து திறந்து மூடின. செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சளி கட்டியிருந்தது.

மிஞ்சியது ஒரு ஜோடி. அதை வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில், கிணற்றுத் தண்ணீரில் விட்டுவைத்தார்கள். கிணறு தொட்டிக்குப் போதும், குளங்களுக்குப் போதாது. தாய்க்கெண்டை சினைபிடிக்கும் பருவத்துக்குள் ஆறு தேறிவிட்டால் அந்த ஜோடியை வைத்துப் பண்ணையை மறுபடி தொடங்கிவிடலாம். தேறாவிட்டால் பண்ணை அவ்வளவுதான்.

செத்த கெண்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவர் நீர்த்தர அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் பையைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"தண்ணியில செம்பு அதிகம்னு எப்படிச் சொல்றீங்க?"

"மீன் செத்துப்போச்சே சார்."

"அது மீனோட கருத்து. அளவ மீறியிருக்கா?"

"என்ன அளவு?"

"அளவு இன்னும் வைக்கல. வைக்காத அளவ யாராலயும் மீற முடியாது. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பண்ணைக்காரர் யோசித்துப் பார்த்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, குழுவின் செயலாளர் அம்மா அந்தப் பக்கமாக வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதையும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எப்போதும் எதிர்பார்ப்பவர். பையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீன் வளக்குறீங்களா? உங்களத்தான் தேடிட்டு இருந்தோம்."

நீர்வாழ் உயிரினப் பாதுகாப்புக்கான உலோக அளவு நிர்ணயக் குழுவில், விதிப்படி, பாதிக்கப்படும் தரப்புக்கு ஓர் இடம் உண்டு. ஆலைக்கு ஓர் இடம், நிபுணருக்கு ஓர் இடம் என்று மற்றவை உடனே நிரம்பிவிட்டன. பாதிக்கப்படும் தரப்பின் நாற்காலி மட்டும் தொடக்கத்திலிருந்தே காலியாக இருந்ததால் குழு கூடித் தேநீர் குடித்துக் கலைந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர் கையெழுத்துப் போட்டதும் குழு முழுமை பெற்றது.

முதல் கூட்டத்தில் அவர் முன்னால் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதில் 'நீர்வாழ் உயிரினம்' என்று எழுதியிருந்தது. பிரதிநிதி என்ற சொல்லுக்குப் பலகையில் இடம் போதவில்லையாம்.

அறை நல்ல குளிராக இருந்தது. சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் குமிழி விடும் கருவி, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் மீன்கள். தலைவர் அதைப் பெருமையோடு காட்டினார். "இந்த அலுவலகம் தொடங்குன நாள்லேர்ந்து இதுல ஒரு மீன்கூடச் செத்ததில்ல."

தலைவர் இதற்கு முன் பிஸ்கட் எடைக் குழுவுக்கும், அதற்கு முன் பள்ளி மேசை உயரக் குழுவுக்கும் தலைவராக இருந்தவர். அளக்கப்படுவது எதுவானாலும் அவருக்கு ஒன்றுதான். அவருக்கு வலப்புறம் நிபுணர். இடப்புறம் ஆலை மேலாளர். மிக மரியாதையான மனிதர், எல்லோருக்கும் பிஸ்கட் தட்டை நகர்த்திக் கொடுப்பார், அதிகம் பேசமாட்டார். அவர் பேசவேண்டிய தேவை வரவில்லை.

"முதல்ல எது செம்புன்னு முடிவு பண்ணணும்," என்று தலைவர் தொடங்கினார்.

நிபுணர் விளக்கினார். தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு வேறு, கரையாமல் அடியில் படியும் செம்பு வேறு. வடிகட்டினால் நிற்பது கணக்கில் வராது. கரைந்தது மட்டுமே மீனின் செவுளைத் தொடும்.

பண்ணைக்காரர் கையைத் தூக்கினார்.

"நீர்வாழ் உயிரினம் பேசலாம்," என்றார் தலைவர்.

"கெண்டை அடிச்சேத்தைக் கிளறித்தாங்க தின்னும். படிஞ்ச செம்பும் வயித்துக்குள்ளதான போகும்?"

தலைவர் மெல்ல முறுவலித்தார். "யார் என்ன சாப்பிடணும்னு இந்தக் குழு சொல்றதில்ல. அது தனிமனித சுதந்திரம். மீனுக்கும் அது உண்டு."

அன்று தீர்மானம் நிறைவேறியது. ஆற்றிலிருந்த செம்பில் பெரும்பகுதி, இருந்த இடத்தை விட்டு நகராமலே, இல்லாமல் போனது.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்ன முடிவு பண்ணாங்க?"

"பாதி செம்பு செம்பு இல்லையாம்."

"அங்க உங்கள என்னன்னு கூப்பிட்டாங்க?"

"நீர்வாழ் உயிரினம்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சிரிப்பில் கொஞ்சம் அரிசி தரையில் சிந்தியது. அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில், "நீர்வாழ் உயிரினமே, கை கழுவிட்டு வாங்க," என்றுதான் அழைப்பு வந்தது.

அடுத்த கூட்டத்தில் சோதனை முறை விவாதத்துக்கு வந்தது. தொட்டியில் மீன்களை விட்டுச் செம்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவோ, அங்கிருந்து கணக்கு தொடங்கும்.

"ஏன் சார் பாதி?" என்று கேட்டார் பண்ணைக்காரர். "ஒண்ணுகூடச் சாகாத அளவு இருக்குமே, அங்கேர்ந்து தொடங்கக்கூடாதா?"

நிபுணருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "ஒண்ணும் சாகலேன்னா நமக்கு என்னங்க தெரியும்? சாவுதான தகவல். எல்லாம் உயிரோட இருந்தா அது வெறும் மீன் தொட்டி."

"சாகப்போற பாதியில இருக்குறது யாருன்னு மீனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதுதான் இந்த முறையோட நேர்மை. யாருக்கும் தெரியாது," என்றார் தலைவர். "பாரபட்சமே இல்ல."

அதற்கடுத்த கூட்டம் தண்ணீரின் கடினத்தன்மை பற்றியது. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீரில் செம்பின் நஞ்சு குறையும் என்பது அறிவியல். ஆகவே நீர் எவ்வளவு கடினமோ அந்த அளவுக்குச் செம்பின் வரம்பையும் உயர்த்தலாம் என்றார் நிபுணர். அதுவரையில் அவர் சொன்னது சரிதான். பிறகு தலைவர் அதை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மென்மையான தண்ணியில வளர்ற மீன் செல்லப்பிள்ளை மாதிரி," என்றார் தலைவர். "எதையும் தாங்காது. ஒரு துளி செம்புக்கே மல்லாந்துடும். நான் படிக்கிற காலத்துல எங்க வாத்தியார் எங்கள அடிச்சு வளத்தாரு. இன்னைக்கு நான் எங்க இருக்கேன் பாருங்க. நம்ம மீன்களுக்கும் அந்த வாய்ப்பக் கொடுக்கணும்."

ஆலை மேலாளர் மெதுவாகக் கை தட்டினார்.

சில நாள் கழித்துப் பண்ணைக்காரரின் மைத்துனன், மனைவியின் தம்பி, தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை படிந்து வீட்டுக்கு வந்தான். ஆலையில்தான் அவனுக்கு வேலை.

"என்னடா தம்பி, மாவு மில்லுக்கு மாறிட்டியா?" என்றாள் அக்கா.

"சுண்ணாம்புக்கா. தண்ணி எடுத்துச் சோதிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேல மூட்டை மூட்டையாக் கொட்டுறோம். தண்ணியக் கடினமாக்குறோமாம். மச்சான் குழுவுல முடிவு பண்ணதுதான?"

"செம்பக் குறைச்சாங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார் பண்ணைக்காரர்.

"எதுக்கு மச்சான் குறைக்கணும்? அதான் அளவு ஏறப்போகுதே. சம்பளமும் ஏத்திருக்காங்க. நல்ல குழு மச்சான் உங்களோடது."

மனைவி ஒரு குவளைத் தண்ணீரைத் தம்பியின் முன்னால் வைத்தாள். "கிணத்துத் தண்ணிதான்டா. மென்மையா இருக்கும், பாத்துக் குடி."

பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்த தாய்க்கெண்டையின் வயிறு லேசாகப் புடைக்கத் தொடங்கியது. பண்ணைக்காரர் காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினார். வரம்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் போதும், அதை ஆலை மீறுகிறது என்று காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருக்குக் குழுவின் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. இவ்வளவு பேசுகிறவர்கள் கடைசியில் ஏதாவது செய்யாமலா போவார்கள் என்று நினைத்தார்.

பிறகு பட்டியல் வந்தது. செம்பு எந்தெந்த உயிரை எவ்வளவில் கொல்லும் என்று நிபுணர் வரிசைப்படுத்தியிருந்தார். மிகச் சீக்கிரம் சாகிறவை மேலே, எதற்கும் அசையாதவை கீழே. மேலே இருப்பவற்றை வைத்துத்தான் வரம்பு வகுக்கப்படும். மேலேயே இருந்தது கெண்டைக்குஞ்சு. பண்ணைக்காரர் தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆலை மேலாளர் முதல் தடவையாகப் பேசினார். குரல் மிகப் பணிவாக இருந்தது.

"ஒரு சின்ன சந்தேகம். இந்த ஆத்துல கெண்டை இருக்குங்களா? இல்லாத ஒருத்தருக்காக இருக்குற நாம எல்லாரும் ஏன் கஷ்டப்படணும்?"

செயலாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதியைப் படித்தார். "'அந்த நீர்நிலையில் வாழும் உயிரினங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.' வாழும்."

"வாழ்ந்துச்சுங்களே," என்றார் பண்ணைக்காரர். "போன வருஷம் வரைக்கும் வாழ்ந்துச்சு. செம்பு வந்துதான் செத்துச்சு."

"விதியில 'வாழ்ந்த'ன்னு இல்லையே. 'வாழும்'னுதான் இருக்கு. ஒரு சொல்லுக்குக் காலம் முக்கியம்."

பண்ணைக்காரர் பள்ளியில் படித்த இலக்கணத்தைத் துழாவினார். "'வாழும்'னா எதிர்காலமும் வருமே அம்மா. இனிமே வாழப்போறதையும் சேத்துக்கலாம்ல?"

செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எதிர்காலம்னா அவசரம் இல்ல. வந்தப்பறம் பாத்துக்கலாம்."

கடைசியில் தலைவர் இரக்கப்பட்டார். ஆற்றில் ஒரு முறை வலை போட்டுப் பார்ப்பது, உயிருள்ள கெண்டை ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அதைப் பட்டியலில் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் நீக்கிவிடுவது. "இதைவிட நியாயமா இருக்க முடியுமா?" என்று அவர் கேட்டார். பண்ணைக்காரரும் முடியாது என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அதுல கைய வைக்காதீங்க."

"கொஞ்ச நேரம்தான். ஆத்துல விடுறேன், அவங்க பிடிச்சுப் பாக்குறாங்க, நான் திருப்பித் தூக்கிட்டு வந்துடுறேன். ஒரு கெண்டை உயிரோட இருந்துச்சுன்னு ஆகிட்டா ஆலை மாட்டிக்கும்."

"வலைக்கூண்டுல போட்டு ஆத்துல இறக்குங்க. ஓடாது, பத்திரமா இருக்கும்."

"கேட்டேன். கூண்டுல இருந்தா அது காவல்ல இருக்குறதாம், வாழுறது இல்லையாம்."

"அப்ப ஆண் மீனக் கொண்டுபோங்க."

"அது சின்னது. பெரிய கண்ணு வலையில நழுவிடும்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "என்னங்க, வயித்துல முட்டையோட இருக்குறவள அனுப்புறீங்க. அவங்களுக்கு ஒரு மீன் வேணும். நமக்கு இது ஒண்ணுதான் தாய் மீன்."

மறுநாள் காலையில் பண்ணைக்காரர் வாளியோடு ஆற்றுக்குப் போனார். வலையோடு வந்திருந்த நிபுணரைத் தனியாக அழைத்துக் கேட்டார், "சார், பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

"பாக்குறதுக்குத்தான வந்திருக்கோம்," என்றார் நிபுணர்.

தாய்க்கெண்டையை நீரில் விட்டபோது அது உடனே போகவில்லை. பண்ணைக்காரரின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அவர் காலால் நீரைக் கலைத்து அதை விரட்டினார். கொஞ்ச தூரத்தில் வலை காத்திருந்தது. இழுத்தபோது பிளாஸ்டிக் பைகளோடும் ஒரு செருப்போடும் அதுவும் வந்தது. செவுள் அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது.

"வாழுதுங்க!" என்று கத்தினார் பண்ணைக்காரர். "பாத்தீங்களா, வாழுது!"

"அருமை," என்றார் நிபுணர். அவருக்கும் உண்மையான மகிழ்ச்சிதான். உதவியாளர் பெரிய கண்ணாடிச் சாடியை நீட்ட, மீனை வாலைப் பிடித்து உள்ளே இறக்கினார்கள். நிபுணர் வெள்ளைக் கேனிலிருந்து ஏதோ ஊற்றினார். மூக்கில் ஏறும் நெடி அடித்தது.

"என்ன சார் ஊத்துறீங்க?"

"ஃபார்மலின். மாதிரியப் பாதுகாக்கணும்ல."

சாடிக்குள் ஒரு தடவை பெரிதாகத் துடித்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டது.

"கொன்னுட்டீங்களே!"

"ஏங்க, உயிரோட இருந்துச்சுன்னு நிரூபிக்க வேணாமா?" நிபுணர் மூடியை இறுக்கித் திருகினார். "இனிமே இது எத்தனை வருஷமானாலும் இப்படியே இருக்கும். நீர்வாழ் உயிரினப் பாதுகாப்புதான நம்ம வேலை."

இறுதிக் கூட்டத்தில் சாடி மேசையின் நடுவில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று நிருபர்களையும் அழைத்திருந்தார்கள். தலைவர் கோட்டுப் போட்டிருந்தார்.

நிபுணர் அறிக்கை படித்தார். ஆற்றில் நல்ல உடல்நிலையில், சினையோடு, உயிருள்ள ஒரு கெண்டை கண்டறியப்பட்டது. ஆகவே தற்போதைய செம்பின் அளவு கெண்டைக்கு ஏற்றது என்பது உறுதியாகிறது.

பண்ணைக்காரர் எழுந்தார். "அது என் தொட்டியில இருந்ததுங்க! நான்தான் கொண்டுவந்து விட்டேன்!"

"அப்படியா?" என்றார் தலைவர். "குறிச்சுக்கோங்கம்மா. அப்படீன்னா அது இந்த ஆத்து உயிரினமே இல்ல."

"இருந்துச்சு சார், முன்னாடி ஆறு முழுக்க…"

"பொறுங்க. ஆத்து மீனா இருந்தா, தண்ணி நல்லா இருக்கு. ஆத்து மீன் இல்லேன்னா, பட்டியல்ல இடம் இல்ல. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. குழு எதையும் திணிக்காது."

பண்ணைக்காரர் சாடியைப் பார்த்தார். வயிற்றுப் பகுதி வெளுத்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வயிறுதான் தெரிந்தது.

நிபுணர் தொடர்ந்தார். எப்படியிருந்தாலும், மாதிரி எடுக்கப்பட்ட பின் ஆற்றில் கெண்டை எதுவும் மீதமில்லை. ஆகவே பெயர் நீக்கப்படுகிறது. தற்போது ஆற்றில் வாழும் உயிரினம் கொசுப்புழு. அது நலமாக இருக்கிறது. அதன் தாங்குதிறனை வைத்து வரம்பு கணக்கிடப்பட்டுள்ளது. அந்த வரம்பு ஆலை வெளியேற்றும் அளவைவிடச் சற்றே கூடுதலாக வந்தது தற்செயல்.

ஒரு நிருபர் எழுந்தார். "நாளைக்கே யாராவது ஆத்துல கெண்டை விட்டா?"

தலைவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததைப் போலிருந்தது.

"முக்கியமான கேள்வி. இன்னைக்கு நம்ம ஆறு தரத்துக்குள்ள இருக்கு. முழு சுத்தம். அதுல ஒரே ஒரு கெண்டை வந்து சேந்தா என்ன ஆகும்? பட்டியல் மாறும். வரம்பு கீழ இறங்கும். அதே தண்ணி, அதே செம்பு, ஆனா ஒரு நொடியில ஆறு முழுக்க மாசாயிடும். யாரால? செம்பாலயா? செம்பு பாவம், அது பாட்டுக்கு இருந்த இடத்துல இருக்கு. மீனால! அதனாலதான் இந்தக் குழு துணிஞ்சு ஒரு முடிவு எடுத்திருக்கு. ஆத்துல மீன் விடுறது இன்னையிலேர்ந்து நீரை மாசுபடுத்துற குற்றம்."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆலை மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிர்காற்று அவர் பக்கம் நேராக வீசிக்கொண்டிருந்தது.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் பண்ணைக்காரர். "எழுதிக்கோங்க. நீர்வாழ் உயிரினம் ஒத்துக்கல."

செயலாளர் அம்மா அவர் பக்கமாகக் குனிந்து, நோயாளியிடம் பேசுவதைப் போலச் சொன்னார். "கெண்டை பட்டியல்ல இல்லாததால உங்க இடமும் இல்லாமப் போச்சுங்க. ஆனா கொசுப்புழு சார்புல ஒரு இடம் காலியா இருக்கு. அனுபவம் இருக்குறவங்களுக்கு முன்னுரிமை. யோசிச்சுச் சொல்றீங்களா?"

அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி அன்று நீர்வாழ் உயிரினமே என்று அழைக்கவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். ஆண் கெண்டை தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஜோடிக்குப் போதாத அந்தத் தொட்டி இப்போது பெரிதாக இருந்தது.

"எங்க பெரியக்கா ஊர்ல ஏரி இருக்கு," என்றாள் கடைசியில். "ஆத்துத் தண்ணி அங்க ஏறாது. அவங்ககிட்ட தாய் மீனும் இருக்கு. இத அங்க கொண்டுபோய் விடுங்க. இங்க வேணாம். குஞ்சு பொரிச்சா அங்கயே வளரட்டும்."

"பண்ணை?"

"மீன் இருந்தாத்தாங்க பண்ணை. முதல்ல மீனக் காப்பாத்துங்க."

அக்கா ஊருக்குப் போக ஆற்றுப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். மறுநாள் காலையில் அவர் வாளியில் ஈரத்துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு நடந்தார். பாலத்தின் முனையில் புதிதாக ஒரு தடுப்புக் கட்டை. பக்கத்தில் புதுச் சீருடை, புது விசில். உள்ளே மைத்துனன் நின்றிருந்தான். சுண்ணாம்பு வேலை முடிந்துவிட்டதால் ஆலை அவனை ஆற்றுக் காவலுக்கு மாற்றியிருந்தது. யாரும் மீனைக் கொண்டுவந்து விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது வேலை.

"மச்சான்! எங்க இவ்வளவு காலையில?"

"உங்க பெரியக்கா ஊருக்கு, மாப்பிள்ளை."

மைத்துனனின் பார்வை வாளிக்குப் போனது. துணி ஒரு முறை எம்பித் தாழ்ந்தது. அவன் விசிலை வாயருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தினான். பாலத்தின் மறுமுனையில் மேற்பார்வையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான்," என்றான் குரலைத் தாழ்த்தி, "கேக்கணும், அது என் வேலை. வாளியில என்ன?"

பண்ணைக்காரர் துணியை விலக்கிக் காட்டினார்.

"மாசு," என்றார்.

வாளிக்குள் மாசு தண்ணீரைக் குடித்துக்கொண்டு, வாலை மெதுவாக அசைத்தது. மைத்துனன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேற்பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தடுப்புக் கட்டையைத் தூக்கினான்.

"சிந்தாமக் கொண்டுபோங்க, மச்சான்."